வாயில் யாரை அறியும்?

ஒரு சமூகத்தின் உள்ளத்தை அறிய வேண்டுமாயின் அதன் கோபுரங்களை அளந்து பார்க்க வேண்டுவதில்லை; அதன் வாயில்களைக் கவனித்தாற் போதும். வாயில் எவர்க்குத் திறக்கின்றது, எவர்க்கு அடைபடுகின்றது, திறப்பவன் எதனைக் கண்டு திறக்கின்றான் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை கிடைத்துவிடின், அச்சமூகத்தின் நீதி நூல்களைப் புரட்டும் உழைப்பிற் பாதி குறைந்துவிடும். இக்கருத்தை முன்வைத்து, இக்காலப் புதுமைகளுள் ஒன்றாகிய பூனையை அறியும் கதவையும், நம் இலக்கியங்கள் பாடிய வாயில்களையும் ஒருங்கே வைத்து ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பூனைக் கதவுக்கும் இலக்கியத்திற்கும் என்ன உறவு என்று வாசகர் சிலர் நகைக்கலாம். நகைப்பை அடக்க வேண்டுவதில்லை. நகைத்தபின் மேலே படிக்குமாறு மட்டும் வேண்டிக்கொள்கின்றோம்.

கதவின் வரலாறு

மேனாட்டு வீடுகளிற் கதவின் அடிப்பாகத்தில் பூனை நுழைவதற்கென்று ஒரு துளையோ, ஆடும் மடலோ அமைப்பது நெடுநாள் வழக்கம். 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலக் கவிஞர் சாசர் இயற்றிய கான்டர்பரிக் கதைகளில், மில்லர் சொல்லும் கதையிலே, வேலைக்காரன் ஒருவன் பூனைத் துளையின் வழியாகவே அறைக்குள் எட்டிப் பார்க்கின்றான். இங்கிலாந்தின் எக்ஸிட்டர் நகரத்துப் பேராலயக் கணக்கேடுகளில், 14, 15ஆம் நூற்றாண்டுகளிலே, எலி பிடிக்கும் பூனைக்கென்று காலாண்டுக்கு 13 பென்ஸ், அஃதாவது வாரம் ஒரு பென்னி, செலவெழுதப்பட்டிருக்கின்றது. அவ்வாலயத்துப் பழங்கடிகாரத்தின் அறைக்கதவிற் பூனைக்கென்று வெட்டிய துளையை இன்றும் காணலாம். கணக்கெழுதும் தொழிலினராகிய நமக்கு இச்செய்தி சுவையானது. பூனைக்குச் சம்பளம் உண்டு, வாயில் உண்டு. ஆனால் ஏட்டிற் பெயர் இல்லை. ‘பூனை’ என்பதோடு சரி. ஒன்று இறந்து மற்றொன்று வந்தாலும் ஏடு மாறுவதில்லை.

அறிவியற் பேரறிஞர் நியூட்டன் பெரிய பூனைக்குப் பெரிய துளையும் குட்டிக்குச் சிறிய துளையும் வெட்டினார் என்றொரு கதை வழங்குகின்றது. அதற்கு அவர் காலத்துச் சான்று எதுவும் இல்லை. ஆயினும் கதையின் உட்பொருள் உண்மையானது. துளை அளவை மட்டுமே அறியும், ஆளை அறியாது. நம் பூனை நுழையும் துளையில் அயல்வீட்டுப் பூனையும் நுழையும், வைத்த சோற்றை உண்ணும், சண்டையும் இடும்.

இக்குறையை நீக்குவதற்குப் பூனையின் கழுத்துப்பட்டையிற் காந்தம் கட்டித் தாழைத் திறக்கும் முறை முதலில் வந்தது. காந்தம் கட்டிய எந்தப் பூனைக்கும் அது திறந்தது. பட்டை அறுந்துபோனால் சொந்தப் பூனைக்கே அடைத்துக்கொண்டது. அதன்பின் வந்ததே நுண்சில்லை அறியும் கதவு. கேம்பிரிட்ஜ் வட்டாரத்தில் எழுந்த ‘ஷூர்ஃபிளாப்’ என்னும் நிறுவனம் 2008ஆம் ஆண்டளவில் இத்தகைய கதவைக் கடைக்குக் கொணர்ந்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்வோம். அரிசிமணி போன்ற சில்லு ஒன்று, ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் நீளமும் 2 மில்லிமீட்டர் தடிமனும் உடையது, பூனையின் இரு தோள்களுக்கிடையே தோலின் கீழ் ஊசியாற் செலுத்தப்படுகின்றது. அதனுள் மின்கலம் இல்லை. கதவிலுள்ள கம்பிச்சுருள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலைவுள்ள வானலையை விடுகின்றது. அந்த அலையின் ஆற்றலையே உணவாகக் கொண்டு சில்லு விழித்தெழுந்து, 15 இலக்கங்கள் கொண்ட தன் எண்ணைச் சொல்லிவிட்டு மீண்டும் உறங்கிவிடுகின்றது. முதல் மூன்று இலக்கங்கள் நாட்டையோ, சில்லைச் செய்த நிறுவனத்தையோ குறிக்கும். மலேசியாவுக்குரிய நாட்டெண் 458. கதவு தன் நினைவிலுள்ள எண்களோடு அதனை ஒப்பிடும். பொருந்தினால் தாழ் நீங்கும், பொருந்தாவிடின் நீங்காது. ஒரு கதவு 32 எண்கள் வரை நினைவில் வைக்கும்.

இதற்கும் மேலே ஒரு படி சென்றோரும் உளர். அமெரிக்காவின் சியாட்டில் நகரத்திலே ஒருவர், 2019ஆம் ஆண்டில், தம் பூனை வாயிற் பறவையையோ எலியையோ கவ்விக்கொண்டு வந்தால் நிழற்படக் கருவி அதனைக் கண்டு 15 நிமிடம் கதவை அடைத்துவிடும்படி ஓர் ஏற்பாடு செய்தார். ‘நீ யார்?’ என்று கேட்டுக்கொண்டிருந்த கதவு, ‘நீ என்ன செய்துவிட்டு வருகின்றாய்?’ என்றும் கேட்கத் தொடங்கிற்று.

நன்மையை மறுப்பதற்கில்லை

குற்றம் கூறுவதற்காகவே ஒன்றை எடுத்துக்கொள்வது ஆராய்ச்சியன்று. இக்கதவினாற் பூனைக்கு நன்மையே விளைகின்றது. நோயுற்ற பூனைக்கென்று வைத்த மருந்துணவை வேறொன்று உண்ணாமற் காக்கலாம். வெளியே விடத்தகாத குட்டியை உள்ளேயே நிறுத்தி, வளர்ந்த பூனையை மட்டும் போக விடலாம். திரிங்காப்பிலே இரவு மூடுபனி இறங்கியபின் கதவைத் திறந்துவைத்து உறங்குவார் எவருமில்லை. குளிரில் நிற்கும் உயிருக்குத் தன் வீட்டுக் கதவு தானே திறக்குமாயின் அதனை ஏன் பழிக்க வேண்டும்? வீடு என்பது வேண்டியவரை ஏற்பதற்கும் வேண்டாதவரை விலக்குவதற்கும் உரிய இடம். வீட்டுக் கதவுக்கு ஆள் அறியும் உரிமை உண்டு.

ஆகவே நம் வினா பூனையைப் பற்றியதன்று. எண்ணை அறிவதும் ஆளை அறிவதும் ஒன்றா என்பது முதல் வினா. வீட்டுக் கதவுக்குப் பொருந்தும் இவ்விதி அரண்மனை வாயிலுக்கும், ஆலய வாயிலுக்கும், அரசாங்கக் காரியாலயத்து வாயிலுக்கும் பொருந்துமா என்பது இரண்டாவது. இவ்விரண்டையும் நம் முன்னோர் பாட்டுகளைக் கொண்டே ஆராய்வோம்.

தமிழ்ப் பாட்டின் வாயில்கள்

தமிழ் அகப்பொருள் இலக்கணத்தில் ‘வாயில்’ என்பது மரத்தாற் செய்த பொருளன்று. அஃது ஆளைக் குறிக்கும் சொல். ஊடிய தலைவியிடம் தலைவனை உள்ளே சேர்ப்பதற்குத் தூதாக நிற்கும் தோழி, பாங்கன், பாணன், விறலியர், விருந்தினர் முதலியோரைத் தொல்காப்பியம் வாயில்கள் என்று வகுக்கின்றது. வாயில் வேண்டுவதும், வாயில் மறுப்பதும், வாயில் நேர்வதும் அகப்பாட்டுகளின் துறைகள். ஆதலின் நம் பழம்புலவர் கண்ட வாயில் பேசும், வழக்காடும், மனம் மாறும், நேற்று மறுத்தவனை இன்று இரங்கி ஏற்கும். வந்தவன் யார் என்பதை மட்டுமன்றி, அவன் எவ்வளவு வருந்தி வந்திருக்கின்றான் என்பதையும் அறியும்.

இதற்கு நேர்மாறான காவலும் பாடப்பட்டிருக்கின்றது. அகநானூற்றின் 122ஆம் பாட்டிலே பரணர், இரவிற் காதலனைக் காண முடியாமற் செய்யும் தடைகளை ஒவ்வொன்றாக அடுக்குகின்றார். உறங்காத ஊர், உறங்காத தாய், ஊர்க்காவலர், நிலவு, கூகை, கோழி என்னும் அவ்வரிசையில் குரைக்கும் நாயும் ஒன்று. அந்நாளில் விலங்கு கதவாக நின்று மனிதனை அறிந்தது. இந்நாளில் கதவு நின்று விலங்கை அறிகின்றது. ஆயினும் நாய்க்கும் இயந்திரத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. பத்து நாள் சோறு வைத்துப் பழகிய அயலானை நாய் வாலாட்டி ஏற்கும். இயந்திரத்துக்குப் பழக்கம் என்பதே இல்லை. பதிவு ஒன்றே உண்டு. ஆயிரம் முறை கதவண்டை வந்து நின்ற பூனையாயினும் பதியப்படாதாயின் அது முதன்முறை வந்த பூனையே.

புறநானூற்றின் 206ஆம் பாட்டு இன்னும் நுட்பமானது. அதியமான் பரிசில் தரக் காலம் நீட்டித்தபோது ஔவையார் அவனைப் பழிக்கவில்லை; வாயில் காப்போனை விளித்துப் பேசுகின்றார். உன் தலைவன் தன் தகுதியை மறந்துவிட்டானா, அன்றி வந்து நிற்பவளின் தகுதியை மறந்துவிட்டானா என்னும் கருத்துப்பட வினவுகின்றார். அவர் பெயர் தெரியாமற் காவலன் நிறுத்தவில்லை என்பதை நோக்குக. ஔவை என்பது அவனுக்கும் தெரியும், அரசனுக்கும் தெரியும். தெரிந்தும் மதியாமையே அங்கே குற்றம். ஆகவே அடையாளம் காண்பது ஒன்று, மதிப்பது வேறொன்று என்பதை அப்பெருமாட்டியார் ஈராயிரம் ஆண்டளவுக்கு முன்னரே தெளிவாக்கிவிட்டார்.

திறந்தே கிடந்த வாயிலைப் பாடிய பாட்டும் உண்டு. சிறுபாணாற்றுப்படை, ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் வாயில் அடைபடாதது என்று புகழ்கின்றது. நம்மவர் மேடைகளில் இதனை எடுத்துக்காட்டித் தமிழர் வாயில் எவர்க்கும் அடையாதது என முழங்குவதுண்டு. பாட்டை நிறுத்திப் படித்தால், பொருநர், புலவர், அந்தணர் என்னும் மூவகையார்க்கே அவ்வாயில் அடையாதது எனக் கூறப்படுகின்றது என்பது விளங்கும். ஏர் உழுதவனுக்கும் கூலிக்கு நெல் குற்றியவளுக்கும் அது திறந்ததா என்று பாட்டு கூறவில்லை. முன்னோரைப் போற்றுவது நன்று. அவர் சொல்லாததைச் சொன்னதாகக் கூறிப் போற்றுவது நன்றன்று.

மணி ஒன்று செய்தது

இனி ஆராய்ச்சி மணிக்கு வருவோம். கன்றை இழந்த பசு அரண்மனை வாயிலின் மணியை அசைக்க, சோழன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான் என்னும் கதை நம்மில் அறியாதார் இல்லை. திருவாரூர்க் கோயிலருகே அதற்குக் கல்லில் தேர் உண்டு. சென்னை உயர்நீதிமன்றத்தில் அவ்வரசனுக்குச் சிலையும் உண்டு.

இக்கதை இரு பெருநூல்களில் இருவகையாக வருகின்றது. சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய பெரிய புராணத்தில், மகன்மேல் தேரோட்டப் பணிக்கப்பட்ட அமைச்சன் தன்னுயிரை மாய்த்துக்கொள்ள, அரசன் தானே தேரைச் செலுத்துகின்றான். முடிவில் இறைவன் தோன்றிக் கன்றையும் மகனையும் அமைச்சனையும் எழுப்பித் தருகின்றான். இலங்கையின் மகாவம்சம் பாளி மொழியில் பௌத்தத் துறவியார் இயற்றியது. அதில் எல்லாளனைப்பற்றி இதே கதை சொல்லப்படுகின்றது. படுக்கையின் தலைமாட்டிலே மணி. அதன் கயிறு வெளியே நீண்டிருக்கும். நீதி வேண்டுவோர் எவரும் இழுக்கலாம். பசு இழுத்தது, மகன் மாண்டான். அங்கே கன்றும் எழவில்லை, மகனும் எழவில்லை. அதே மணியை, குஞ்சைப் பாம்புக்கு இரைகொடுத்த தாய்ப்பறவையும் அசைத்தது. காயவைத்த அரிசி காலமல்லாத மழையில் நனைந்துபோன கிழவியும் அசைத்தாள்.

இரண்டனுள் எது சிறந்தது? நம் கருத்து மகாவம்சத்தின் பக்கமே சாய்கின்றது. இறுதியில் எல்லாம் திரும்பக் கிடைக்கும் என்றால் நீதிக்கு விலை இல்லாமற் போகின்றது. அன்றியும், தன் இனத்தார்க்குப் பகையாய்ப் போர் செய்து மடிந்த தமிழ் அரசனைப்பற்றி, நண்பர்க்கும் பகைவர்க்கும் ஒப்ப நீதி செலுத்தினான் என்று எழுதிய அத்துறவியாரின் நடுவுநிலை, கதையின் நடுவுநிலைக்கு மேலும் ஒரு சான்றாக நிற்கின்றது.

ஆங்கிலம் பயின்ற வாசகர்க்கு லாங்ஃபெலோவின் ‘ஆட்ரியின் மணி’ நினைவுக்கு வரலாம். அங்கே மணிக்கயிறு தேய்ந்துபோனதால் கொடியொன்றை முடிந்து வைத்திருந்தனர். கிழட்டுப் பருவத்தில் துரத்தப்பட்ட குதிரை பசியால் அக்கொடியைத் தின்ன மணி ஒலித்தது. குதிரை நீதி கேட்டு வரவில்லை; இலை தின்ன வந்தது. எனினும் மணி ஒலித்தது, ஊர் கூடியது, குதிரைக்கு நீதி கிடைத்தது.

இம்மூன்று கதைகளுக்கும் பொதுவான ஒன்றை இதுவரை எழுதியோர் போதிய அளவு வற்புறுத்தவில்லை என்பது நம் எண்ணம். மணி யாரையும் அறியாது. இழுத்தது பசுவா, பறவையா, கிழவியா, பதிந்த குடியா, வழிப்போக்கனா என்று அது கேட்பதில்லை. அறியாமையே அதன் சிறப்பு. மணியின் வேலை உறங்குபவனை எழுப்புவதோடு முடிகின்றது. வந்தவர் யார், குறை என்ன என்று பார்ப்பது எழுந்தவனின் கடமை. பூனைக் கதவோ இதற்கு மறுதலை. அஃது எவரையும் எழுப்பாது. எண் பொருந்தாத உயிர் இரவெல்லாம் வெளியே நின்றாலும் வீட்டுக்காரன் உறக்கம் கலையாது. வீட்டுக்காரனுக்குத் தொல்லை இல்லாதிருப்பதே அக்கதவின் பெருமை.

கண்ணகி நின்ற வாயில்

சிலப்பதிகாரத்து வழக்குரை காதை இவ்விடத்தில் நமக்குப் பெரிதும் துணைசெய்கின்றது. ஒற்றைச் சிலம்போடு வந்து நின்ற கண்ணகியைக் கண்ட பாண்டியனின் வாயிற்காவலன் நடுங்குகின்றான். அவளைத் தான் அறிந்த எவரோடும் பொருத்த அவனால் இயலவில்லை. கொற்றவையோ, காளியோ என்று தெய்வப் பெண்டிர் ஒவ்வொருவராக நினைத்து, அவரும் அல்லள், இவரும் அல்லள் என்று நீக்கிக்கொண்டே போகின்றான். இக்கால மொழியிற் கூறுவதாயின், அவன் நினைவிலுள்ள பதிவுகளில் எதனோடும் வந்தவள் பொருந்தவில்லை.

பொருந்தாதபோது அவன் செய்தது யாது? கதவை அடைத்தானா? இல்லை. தன்னால் அறிய முடியாத ஒருத்தி வாயிலில் நிற்கின்றாள் என்பதையே செய்தியாக எடுத்துக்கொண்டு அரசனிடம் ஓடினான். அரசன் அவளை உள்ளே விடப் பணித்தான். அவள் உள்ளே வந்தபின்னரே நீ யார் என்று வினவினான். திறப்பு முன்னும் அடையாளம் பின்னுமாக அமைந்த இவ்வொழுங்கை ஊன்றி நோக்க வேண்டும். பாண்டியன் கோவலன் திறத்திற் பெரும் பிழை செய்தவனே. ஆனால் அவன் வாயில் பிழை செய்யவில்லை. அவ்வாயில் திறந்திராவிடின் வழக்கும் இல்லை, காப்பியமும் இல்லை.

மற்றொன்றும் நோக்கத்தக்கது. நீ யார் என்ற வினாவுக்குக் கண்ணகி தன் பெயரை முதலிற் கூறவில்லை. தன் ஊரையே முதலிற் கூறுகின்றாள். அவ்வூர்க்கு அவள் தரும் அடையாளம், புறாவுக்காகத் தன்னைத் தந்தவனும், பசுவின் கண்ணீருக்காக மகனைத் தந்தவனும் ஆண்ட ஊர் என்பது. மணி ஒலித்த ஊரிலிருந்து வருகின்றேன் என்பதே அவள் காட்டிய சீட்டு.

பசுவுக்கு மணி, நந்தனுக்கு நெருப்பு

இவ்வளவு புகழ்ந்தபின் மறுபக்கத்தையும் காட்டாதொழிவது நேர்மையாகாது. கன்றுக்கு நீதி வழங்கிய கதையைக் கூறும் அதே பெரிய புராணத்திலேதான் திருநாளைப்போவார் கதையும் இருக்கின்றது. திருப்புன்கூரில் நந்தனார் வெளியே நின்று காண்பதற்காக வழிமறைத்த நந்தி விலகியது. தில்லையிலோ, மதிலின் வாயிற்புறத்தே வளர்த்த தீயில் மூழ்கி எழுந்தபின்னரே அவர் உள்ளே செல்ல நேர்ந்தது. கல்லாலான எருது விலகியது; வாயில் விலகவில்லை. ஒரே நூலில் பசுவுக்கு மணியும் மனிதனுக்கு நெருப்பும் இருப்பதைக் கண்டு ஒருமுறையேனும் திடுக்கிடாதவன் அந்நூலைப் படித்தவனாகான்.

இது புராணத்தோடு நின்றதன்று. 1924ஆம் ஆண்டில் வைக்கத்துக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் நாயும் பூனையும் மாடும் தடையின்றி நடந்தன. தீண்டாதவரெனப்பட்ட மனிதர் நடத்தல் கூடாதிருந்தது. திருவிதாங்கூரில் ஆலய வாயில் திறக்கப்பெற்றது 1936ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள் அரச ஆணைக்குப் பின்னரே. பிறப்பையே தோலின் கீழ்ச் சில்லாகக் கொண்டு, அதனைப் படித்துத் தாழிடும் கதவு இயந்திரம் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே நம்மிடம் இருந்தது. மேனாட்டார் மின்னாற் செய்ததை நாம் மனத்தாற் செய்துவைத்திருந்தோம்.

எண்ணும் ஆளும்

தோட்டத்து மக்களாகிய நமக்கு எண்ணால் அறியப்படுதல் புதியதன்று. 1901ஆம் ஆண்டளவில் இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர்க்குத் ‘தகரத் துண்டு’ முறை ஏற்படுத்தப்பட்டது. தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் எண்கள் பொறித்த அத்துண்டை உடலில் அணிந்து செல்வர். வழியிலுள்ள ஒவ்வொரு வாயிலும் அதனைப் பார்த்தே திறக்கும். வழிச்செலவு தோட்டக் கணக்கில் எழுதப்படும். துண்டு பேசியது; அணிந்தவன் பேச வேண்டுவதில்லை. எந்தத் தோட்டம் என்று கேட்ட வாயில், எந்த ஊர், எந்தத் துயரம் என்று கேட்கவில்லை. அவர் வழித்தோன்றல்களுட் பெரும்பாலோர்க்கு 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாட்டின் கதவையே அடைத்தது என்பதும் வரலாறு.

இன்று எண்கள் நுண்மையடைந்துள்ளன. இந்தியாவிற் பசுவின் காதில் 12 இலக்கமுள்ள வில்லை. மனிதனின் ஆதார் அட்டையிலும் 12 இலக்கம். இந்நாட்டில் 2001ஆம் ஆண்டு வந்த மைகாட் அட்டையிலும் 12 இலக்கம். அதனுள்ளும் ஒரு சில்லு. பிறந்த நாளை அடுத்துவரும் இரு இலக்கங்கள் பிறந்த இடத்தைச் சொல்லும். பகாங்கிற் பிறந்தவர்க்கு 06. சென்னை மாநகராட்சி 2025ஆம் ஆண்டில் வளர்ப்பு நாய்களுக்குச் சில்லு வேண்டுமென விதித்தது. இங்கிலாந்தில் 2024ஆம் ஆண்டு ஜூன் 10 முதல் வீட்டுப் பூனைகளுக்கும் அது கட்டாயம். மனுவின் பசு இன்று வந்து மணியை அசைக்குமாயின், முதலில் அதன் காதுவில்லையைத்தான் பார்ப்பார்கள்.

எண் கூடாதென்று நாம் வாதிக்கவில்லை. காணாமற்போன நாய் வீடு சேர்வதும், உரியவன் கூலியை வேறொருவன் பெறாதிருப்பதும் எண்ணாலேயே நிகழ்கின்றன. செக்ரோல் எழுதிப் பிழைக்கும் நாம் எண்ணைப் பழித்தல் உண்ட வீட்டைப் பழிப்பதாகும். ஆனால் எண் எங்கே தோற்கின்றது என்பதும் செக்ரோல் எழுதுபவனுக்குத்தான் நன்றாகத் தெரியும். விரல்ரேகை பார்க்கும் பொறி பல தொழிலிடங்களில் வந்துவிட்டது. நெடுங்காலம் கையால் உழைத்தோரின் ரேகை தேய்ந்துவிடுவது மருத்துவர் ஒப்பிய உண்மை. இந்தியாவிலே ரேகை பொருந்தாமையால் ரேஷன் அரிசி மறுக்கப்பட்டோரின் செய்திகள் பலமுறை வெளிவந்தன. முப்பது ஆண்டு கொழுந்து பறித்த கையை, பறித்த காரணத்தினாலேயே, பொறி அறியமாட்டேன் என்கின்றது. பெரட்டுக் களத்தில் அவளை அறியாதார் எவரும் இல்லை. அறியாதது பொறி ஒன்றே.

அப்பொழுது பொறியின் அருகில் இருக்கும் கிராணி யாது செய்வான்? இங்கேதான் இலக்கியம் வாழ்க்கைக்குப் பயன்படுகின்றது. ‘பொறி ஏற்கவில்லை, நான் என் செய்வேன்?’ என்று சொல்லி ஏட்டை மூடுபவன் தானும் ஒரு பூனைக் கதவாகின்றான். ‘பொறிக்குத் தெரியவில்லை; எனக்குத் தெரியும்; தெரியாவிட்டாலும் இங்கே ஒருவர் நிற்கின்றார்’ என்று எழுந்து உள்ளே சென்று சொல்பவன் பாண்டியனின் வாயிற்காவலனாகின்றான். முன்னவனுக்குப் பிழை நேராது; ஏடு அவன் பக்கம் இருக்கும். பின்னவன் துரையிடம் வசவும் கேட்க நேரலாம். ஆயினும் நீதி என்பது பின்னவன் வழியாகவே உள்ளே நுழைகின்றது.

ஒரு தடையும் விடையும்

மணியைத் தொங்கவிட்டால் வீணர் பலரும் வந்து இழுப்பர், வேலை நடவாது, பொய்யர் புகுவர் என்று சிலர் தடை எழுப்பலாம். உண்மைதான். கிழவியின் அரிசிக்காக அரசன் உறக்கம் இழப்பது வீண் என்று கருதுவோர் எல்லாளன் காலத்திலும் இருந்திருப்பர். ஆயின் நாம் கதவை அகற்றிவிட்டு மணியை வைக்கச் சொல்லவில்லை. கதவும் இருக்கட்டும், அருகில் மணியும் இருக்கட்டும். எண்ணுடையோர் கதவால் விரைந்து செல்லட்டும். எண் பொருந்தாதோர் மணியை அசைக்கட்டும். அசைத்தவுடன் எழுந்து வர ஓர் ஆள் உள்ளே இருக்கட்டும். மருத்துவமனையாயினும், குடிநுழைவு அலுவலகமாயினும், தோட்டக் காரியாலயமாயினும், மணியில்லாத கதவு பொதுக் கதவாகாது. வீட்டுப் பூனைக்குப் போதுமான கதவு நாட்டு மக்களுக்குப் போதாது.

எழுதும் இளைஞர்க்கு ஒரு சொல். தோட்டத்தைப்பற்றிக் கதையும் கவிதையும் எழுதுவோர் லயத்தையும் பனியையும் கொழுந்துக் கூடையையும் வருணிப்பதோடு நின்றுவிடுகின்றனர். வாயில்களைப் பாடுவார் இல்லை. இம்மலைச்சாரலில் இன்று கொழுந்தெடுக்கவும் கீரை நடவும் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும் வந்து உழைக்கின்றனர். நம் பாட்டன்மார் தகரத் துண்டோடு நின்ற இடத்தில் அவர்கள் சீட்டோடு நிற்கின்றனர். அவர்களை நாம் எவ்வாறு பார்க்கின்றோம்? எண்ணாகவா, ஆளாகவா? ஔவை கேட்ட வினா இன்று நம்மை நோக்கி நிற்கின்றது. நாம் வாயிலுக்கு உட்புறத்தில் இருப்பதால் அது நம் செவியில் விழாதிருக்கலாம்.

பூனையை அறியும் கதவைச் செய்தவரை வாழ்த்துவோம். பூனைகள் குளிராமல் உறங்கட்டும். ஆனால் அறியப்படாதவர் வந்து நிற்கும்போது எழுந்து சென்று சொல்லும் வேலையை எந்தக் கதவிடமும் ஒப்படைக்க இயலாது. அவ்வேலை மனிதனுடையது, அதனைச் செய்யும்வரையிலேதான் அவன் மனிதன்.